வாகனத்தின் பெயர் இருளப்பன்

காலை ஆறு மணிக்குச் சிகப்பிக்குக் கால் வந்தது.

வந்ததும் முதலில் தெரிந்தது ஈரம். கண்மாய்க் கரைப் புல்லில் இறங்கியிருந்த மார்கழிப் பனி. அதற்குக் கீழே மண், மண்ணுக்குள் புடைத்திருந்த ஒரு வேர். காரைக்குடியில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த சிகப்பி, தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அம்மாடி!" என்றாள். கிட்டத்தட்ட மூன்று வருடமாகத் தினமும் சொல்கிறாள். இன்னும் அலுக்கவில்லை.

"அந்த வேர் மேல இன்னொரு வாட்டி மிதி, இருளப்பா."

ஐந்து மைல் தள்ளி, செருப்பில்லாமல் கரையில் நின்றுகொண்டிருந்த லாரி ஓட்டுநர் இருளப்பன் மிதித்தான். "போதுமா ஆச்சி?"

"போதும். நட நட, நேரம் போகுது."

ஒரு மணி நேரம்தான். ஏழு அடித்தால் கால் போய்விடும். அப்புறம் மறுநாள் ஆறு மணி வரை இடுப்புக்குக் கீழே போர்வை இருக்கும், போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் சாலையில் அடிபட்டவர்களுக்குப் பணம் கொடுத்தார்களாம். கால் போனால் இவ்வளவு, முதுகெலும்பு போனால் இவ்வளவு என்று. அதை வாங்கிக்கொண்டு ஒருத்தரும் எழுந்து நடந்ததாகத் தெரியவில்லை. உணர்பாலம் வந்ததும் சட்டத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள். எதைப் பறித்தாயோ அதையே உன் உடம்பிலிருந்து கொடு. அதற்கு ஈட்டுநடை என்று பெயர். வண்டியை ஓட்டி இடித்தவன் கணுக்காலில் ஒரு நீல வளையம் போட்டுக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு நடக்க வேண்டும். அவன் பாதம் அறிவதையெல்லாம் பாலம் அள்ளிக்கொண்டு போய், வலைத்தொப்பி வழியாக அடிபட்டவர் மூளையில் கொட்டும். நெற்றியில் ஒட்டிய பொட்டளவு ஒளிப்படக் கருவி அவன் பார்ப்பதையும், இரண்டு பேர் பேச்சையும் சேர்த்து அனுப்பும். அதற்கு அரசாங்கம் ஏதோ நீளமாகப் பெயர் வைத்தது. சனங்கள் நெற்றிக்கண் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

ஊரே மாறிப்போனது என்றால் சும்மா இல்லை. விடியற்காலையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் நீல வளையம் நடக்கும். நகைக்கடை முதலாளி ஒருவர் பூக்காரி ஒருத்தியைக் காரில் இடித்துவிட்டு வளையம் வாங்கினார். அந்த அம்மாள் லேசுப்பட்டவளா? தினமும் அவரைப் பூ மார்க்கெட்டுச் சகதியிலேயே நடக்கச் சொல்லிக் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பிரேக் தானாகப் பிடித்தது.

முதல் நாளைச் சிகப்பி மறக்கவே மாட்டாள். ஈட்டுமன்றக் கூடத்தில் பாலத்தை இணைத்தார்கள். ஒரு வருடமாகச் செத்துக் கிடந்த இடத்தில் திடீரென்று சிமெண்டுத் தரையின் சில்லிப்பு. அப்புறம் குதிகாலுக்கடியில் ஒரு பொடிக்கல். அவள் ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்து அறையில் வளையத்தோடு நின்ற இருளப்பன் பதறிப்போனான்.

"ஆச்சி, வலிக்குதா? நான் நிப்பாட்டிக்கிறவா?"

"கல்லு குத்துதுப்பா," என்றாள் அழுதுகொண்டே. "எடுத்துராத. இருக்கட்டும்."

அதுவரை அவனை அவள் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. தூங்கி வழிந்துகொண்டு ஓட்டியவன், குடி கெடுத்தவன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். அவனும் இல்லை என்று சொல்லவில்லை. கண் அசந்துட்டேன் என்று முதல் விசாரணையிலேயே ஒப்புக்கொண்டவன். ஆனால் ஒருத்தன் பாதத்தை உள்ளிருந்து தெரிந்துகொண்ட பிறகு அவன்மேல் எவ்வளவு நாள் ஆத்திரமாக இருக்க முடியும்? அவனுக்கு இடது குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது. தன் மருந்துக்கடையிலிருந்து களிம்பு கொடுத்தனுப்பினாள். வலித்தது இரண்டு பேருக்கும்தானே.

இப்போது ஒரே ஒரு கவலைதான் பாக்கி. தீர்ப்பு மூன்று வருடத்துக்கு. தை முடிந்து மாசி பிறந்தால் பாலத்தைக் கழற்றிவிடுவார்கள். அதற்குள் அவள் பழனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

தங்கை தெய்வானைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது சிகப்பி வேண்டிக்கொண்டது அது. இவள் பிழைத்தால் காரைக்குடியிலிருந்து நடந்தே வருகிறேன் முருகா. தெய்வானை பிழைத்தாள். சிகப்பி நடந்தாள். குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் எல்லாம் தாண்டி, ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் ஒரு வளைவில் பாதயாத்திரைக் கூட்டத்தோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து இருளப்பனின் லாரி வந்தது. மிச்சம் இருபத்தேழு கிலோமீட்டர். அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"முருகன் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா ஆச்சி, வருகைப் பதிவு எடுக்க?" என்பாள் தெய்வானை. "விட்ட எடத்துலேர்ந்து கார்ல போயிட்டு வருவோம்."

"கார்ல வர்றேன்னா வேண்டிக்கிட்டேன்?"

பாலம் அவளுக்கு உணர்ச்சியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. நடப்பது இருளப்பன், அறிவது சிகப்பி. அதை நடை என்று முருகனிடம் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் போன ஆடியில் புதிதாக ஒன்று வந்தது. செலுத்துநிலை. கால் கொடுப்பவர் சம்மதித்தால், அடிபட்டவரின் நினைப்பே பாலம் வழியாகப் போய் அவர் கால்களை நடத்தும். எழுந்திரு என்று இவள் நினைத்தால் அங்கே முழங்கால் நிமிரும்.

கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு மனிதனைக் குதிரையாக்குவதா? சுற்றி வளைத்துக் கேட்டாள்.

இருளப்பன், "நிப்பாட்டுனது நாந்தேன ஆச்சி," என்றான். "ஓட்டிக்கிட்டுப் போங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

மன்றமும் ஒரு நாளைக்கு, பொழுது சாயும்வரை, அனுமதி கொடுத்தது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், காலை வெயில் ஏறுமுன் இருளப்பன் அந்த வளைவில் பச்சை வேட்டியோடு போய் நின்றான். பாலம் திறந்தது. சிகப்பி தன் கட்டிலில் படுத்தபடி, வலது காலை எடுத்து வைக்க நினைத்தாள்.

கால் எழுந்தது.

அடேயப்பா! அதை எப்படிச் சொல்வது? மூன்று வருடமாக யாரோ ஊட்டிவிட்ட சோற்றைத் தின்றவளுக்குக் கையே முளைத்த மாதிரி. நினைத்த இடத்தில் பாதம் விழுந்தது. வேகமாக நினைத்தால் வேகம். நில் என்றால் நின்றது. அவள் சின்னப்பிள்ளை மாதிரி அந்த வளைவிலேயே நாலு முறை நின்று நின்று நடந்து பார்த்தாள். இருளப்பன் இடுப்புக்கு மேலே சிரித்தான். கீழே தன் அதிகாரத்தை அவளிடம் விட்டிருந்தான்.

"எங்க அப்பத்தா மாதிரி நடக்கிறீகளே ஆச்சி. பாக்கிறவுக என்னைய என்னமோன்னு நெனைப்பாக."

"சும்மா வாப்பா. எனக்கு இப்படித்தான் நடக்க வரும்."

தார் சுட்டது, மணல் சுட்டது, புளியமர நிழல் தண்ணீர் மாதிரி குளிர்ந்தது. காவடிகள் முன்னால் ஆடிக்கொண்டு போயின. அரோகரா என்று ஆயிரம் தொண்டை முழங்கியபோது அதிர்வு பாதம் வழியாக ஏறி, காரைக்குடியில் கட்டிலில் கிடந்தவளின் பிடரியில் மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீர்ப் பந்தலில் யாரோ காலில் தண்ணீர் ஊற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வானைக்கு, அக்காளின் கண்ணில் வழிவதைத் துடைத்துத் துடைத்து முந்தானையே நனைந்துவிட்டது.

பிற்பகலில் மலை தெரிந்தது.

முதலில் ஒரு நீலத் திட்டு. அப்புறம் படிகள். அப்புறம் உச்சியில் வெயில் பட்டு மின்னிய கோபுரம். சிகப்பிக்குத் தலைகால் புரியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் மரங்கள் இல்லை, அங்கே போனால் மலை முழுசாகத் தெரியும். அவ்வளவுதான் அவள் நினைத்தாள். நினைத்ததும் கால்கள் ஓடின.

"ஆச்சி, வண்டி! ஆச்சி, நில்லு..."

அவள் காதில் விழுந்தது. அதை ஒரு நொடி கழித்துத்தான் புரிந்துகொண்டாள்.

கார்க்காரர்மேல் தப்பே இல்லை. அவர் வண்டி தானாகவே பிரேக் பிடித்து, உரசுகிற தூரத்தில் நின்றது. உரசிய வேகத்தில் இருளப்பன் மல்லாக்க விழுந்தான். சாலை நடுவில் இருந்த தடுப்புக் கல்லில் உச்சந்தலை மோதியது. சிகப்பிக்கு இருட்டிப்போனது. தொப்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு, "அவனைப் பாருங்க, அவனைப் பாருங்க," என்று வெறும் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. கைகளும் பேச்சும் நன்றாக இருந்தன. கால்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உச்சந்தலைக்குக் கீழே, கால்களுக்கு ஆணை கொடுக்கிற இடத்தில் மூளை கன்றிப்போயிருந்தது. கால் இருக்கிறது, நடக்கச் சொல்ல ஆள் இல்லை. அது திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஈட்டுமன்றத்தின் நடுவர் எஸ்தர்மணி, சிகப்பியின் வீட்டுக்கே வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார். ஐம்பது வயதிருக்கும். இந்த மாதிரி வழக்கு அவர் பார்த்ததில்லை போலும், கண்ணாடியை இரண்டு முறை கழற்றி மாட்டினார்.

"அம்மா, பாலத்துப் பதிவுல செலுத்துநிலைன்னு மட்டும்தான் இருக்கு. அந்த நிலையில கால் ரெண்டு பேர் சொல்லும் கேக்கும். அன்னிக்கு ஓடுனது யார் நினைப்புன்னு கருவிக்குத் தெரியாது. இருளப்பன் வாக்குமூலம் குடுத்துட்டார்."

"என்னன்னு?"

"மலையைப் பார்த்ததும் தான்தான் ஓடினதாச் சொல்றார். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம். நீங்களும் அதையே சொன்னா, வழக்கை இத்தோட முடிச்சிருவேன்."

தெய்வானை அக்காளின் தோளை அழுத்தினாள். ஆமாம் என்று சொல், முடிந்தது என்று அந்தக் கைக்கு அர்த்தம். சிகப்பி அந்தக் கையை விலக்கினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் மன்றத்தில் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, கண் அசந்துட்டேன் என்று சொன்னான். அதே ஆள் இன்றைக்கு அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு தப்பினால் அப்புறம் எந்த முகத்தோடு சாமி கும்பிடுவது?

"ஓட்டுனது நான்தான்," என்றாள்.

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். எழுதியதைச் சட்டப்படி வாசித்தும் காட்டினார்.

"காயமடைந்த பாதசாரி, இருளப்பன். வாகனம், இருளப்பன். வாகனத்தைச் செலுத்தியவர், சிகப்பி." வாசித்துவிட்டு, எழுதியது சரிதானா என்று அவரே படிவத்தை மறுபடி பார்த்தார்.

"நான் குடுக்கிறதுக்கு என்கிட்ட நடை ஏதும்மா?" என்றாள் சிகப்பி. "கால்தான் செத்துக் கிடக்கே."

"கால் அவர்கிட்டயே இருக்கு. அவருக்கு வேணும்ங்கறது நடக்கச் சொல்ற நினைப்பு. அது உங்க தலைக்குள்ள முழுசா இருக்கு. நாங்க சோதிச்சாச்சு." எஸ்தர்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே ஒரு மணி நேரம் இல்லம்மா. அவர் கண் முழிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும். அவர் எங்க போகணும்ங்கறாரோ அங்க."

இப்படித்தான் சிகப்பிக்கு நாள் முழுவதும் கால் கிடைத்தது. தான் அனுபவிக்கும் வரத்துக்குத் தண்டனை என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மருந்துக்கடையைத் தெய்வானை பார்த்துக்கொண்டாள். சிகப்பி இருளப்பனைக் குளிக்கக் கூட்டிப்போனாள், ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனாள், அவன் மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மூன்று மணி நேரம் நின்றாள். ஒரு நாள், மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "விட்ட எடத்துலேர்ந்து பழனிக்குப் போவமா?" என்று கேட்டாள்.

"போவம் ஆச்சி. ஆனா மொதல்ல என் பொழைப்பைப் பாக்கணும்," என்றான். "லாரி ஓட்டணும்."

"லாரியா! காலால நான் மிதிக்கிறதா?"

"கை என்னுது. கால்தேன உங்களுது. எனக்கு வேற தொழில் தெரியாதே ஆச்சி."

மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மறுக்க மனசிலும் இடமில்லை. ஐம்பத்தொரு வயதில், சைக்கிள்கூட ஓட்டியறியாத சிகப்பி, கட்டிலில் படுத்தபடியே கனரக வாகன ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். தேர்வு எடுத்த அதிகாரி, வாழ்க்கையில் இவ்வளவு மென்மையாகப் பிரேக் பிடித்த ஆளைப் பார்த்ததில்லை என்றார்.

முதல் முறை மின்லாரி நகர்ந்தபோது அவளுக்கு மூச்சே நின்றது. நடை என்பது ஒரு ஆள் எடை. இது பத்து டன். பாதத்தை ஒரு நூலளவு அழுத்தினால் பத்து டன்னும் எழுந்து கிளம்பியது. சாலை முழுவதும் சக்கரம் வழியாக ஏறிவந்து உள்ளங்காலில் அதிர்ந்தது. ஆற்றுப் பாலங்களின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு சிறு குழியும் தெரிந்தன. கல் குத்தியதற்கே அழுதவள் அவள். இப்போது ஒரு மாவட்டமே அவள் காலடியில் ஓடியது. கொஞ்ச நாளில் பயம் போய்விட்டது. வேகம் பிடித்துப்போனது.

அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு நாள் முன்னால், மதுரையில் கற்கண்டு மூட்டை ஏற்றினார்கள். பழனியில் பஞ்சாமிர்தக் கடைகளுக்குப் போக வேண்டிய சரக்கு. காலை பத்து மணிக்குமேல் திருவிழாக் கூட்டத்துக்காக ஊருக்குள் லாரியை விடமாட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கூட்டம் பிடித்துக்கொண்டது. பச்சை வேட்டிகளும் மஞ்சள் சேலைகளும் சாலையோரத்தை நிறைத்து, ஓரம் போதாமல் தாருக்கும் வழிந்தன. நெற்றிக்கண்ணில் அவர்கள் முதுகுகள்தான் தெரிந்தன. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி நத்தையாக ஊர்ந்தது. மிதிக்கவும் எடுக்கவும், மிதிக்கவும் எடுக்கவுமாக ஒரு மணி நேரம். இருளப்பனின் கணுக்காலில் ஏறிய வலி சிகப்பிக்குச் சுரீரென்றது.

"மணி ஒன்பதே முக்கால் ஆச்சி," என்றான் இருளப்பன். "கொஞ்சம் மிதிங்க."

சந்து கிடைத்தது. மிதித்தாள். அந்த நேரம் பார்த்து, கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலகிச் சாலைக்குள் வந்தாள். மலை தெரிய ஆரம்பித்திருந்தது. கையைத் தலைக்குமேல் குவித்துக்கொண்டு, மலையையே பார்த்தபடி, குறுக்கே நடந்தாள்.

சிகப்பி பிரேக்கை ஏறி மிதித்தாள். பின்னால் மூட்டைகள் சரிந்தன. பம்பருக்கும் அந்த மஞ்சள் சேலைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

"கண்ணு தெரியலையா இவங்களுக்கு?" என்று சிகப்பி கட்டிலிலிருந்து கத்தினாள். "ஓரமாப் போகத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு ரோட்டுல நடந்து நம்ம உயிரை வாங்குறாங்க?"

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தெய்வானையின் கை நின்றது.

அந்தப் பெண் சாவகாசமாகத் திரும்பினாள். தனக்காக நின்ற லாரியைப் பார்த்துச் சிரித்து, ஓட்டுநரை நோக்கிக் கும்பிட்டுவிட்டு நடந்துபோனாள். வழி திறந்திருந்தது. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள்.

"எடுக்கலாம் ஆச்சி," என்றான் இருளப்பன் மெதுவாக.

இதே சாலையில் தானும் இப்படி நடந்தவள்தானே என்று உறைக்க, பிரேக்கிலிருந்து காலை எடு, எடு என்று சிகப்பி நினைத்துக்கொண்டே இருந்தாள். கால் எழவில்லை.